ஸ்ட்ரெச்சரில் வந்த லூர்தம்மாள்

கட்டடத்தைவிடப் பலகை பெரிதாக இருந்தது. ‘முதியோர் புற்றுநோய்க் கூட்டுச் சிகிச்சைக் குழு’ என்று படித்து முடிப்பதற்குள் பாதி முதியோருக்கு மூச்சு வாங்கிவிடும்.

தலைமை மருத்துவர் பகலவன் பம்பாய் மாநாட்டுக்குப் போய்வந்த கையோடு அமைத்த குழு அது. வயதானவருக்குப் புற்றுநோய் வந்தால் ஒரே டாக்டர் முடிவெடுக்கக் கூடாது, எல்லாத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து அந்த மனிதரை முழுசாகப் பார்க்க வேண்டும் என்பது கொள்கை. நல்ல கொள்கைதான். 1991 முடிவதற்குள் சேர்ந்து உட்காருவதுவரை அமலுக்கு வந்துவிட்டது.

மண்ணூர் லூர்தம்மாளுக்குக் கன்னத்தின் உட்புறம் புண். எழுபதைத் தாண்டியவர். ஷிப்டு மாறும் நேரத்துக்குத் தொழிற்சாலை வாசலில் கூழ்ப் பானையை இறக்கி விற்பவர். அறுத்து எடுத்தால் பிழைக்கலாம் என்று பூந்தமல்லி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அறுப்பதா, வேண்டாமா என்பதைக் குழு சொல்ல வேண்டும்.

மகன் மரியஜோசப்புக்கு மதியம் ஷிப்டு. வரிசையோ வாசலைத் தாண்டிப் புளியமரம்வரை நின்றது. ஸ்ட்ரெச்சரில் வருபவர்களை முதலில் விடுவார்கள் என்பது ஊரறிந்த சட்டம். வார்டு ஊழியர் பலராமனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். ஸ்ட்ரெச்சர் வந்தது.

“நா எதுக்குடா பொணம் மாரி படுக்கணும்?”

“யம்மா, கண்ண மூடிக்கினு கம்முனு கெட. வேலை சுருக்கா முடிஞ்சுடும்.”

“காலை நீட்டு ஆயா,” என்றார் பலராமன். “கொஞ்சம் வியாதிக்காரி மாரி இரேன்.”

“வியாதிக்காரிதான்யா நானு!”

உள்ளே நீள மேசையைச் சுற்றிக் குழு உட்கார்ந்திருந்தது. பிசியோதெரபி நிபுணர் ஜூலி மரியஜோசப்பைப் பார்த்துக் கேட்டார்: “பேஷன்ட் நடப்பாங்களா?”

நடப்பார் என்றால் வரிசையின் கடைசிக்குத் துரத்திவிடுவார்களே. “இல்ல மேடம்.”

“தானா சாப்பிடுவாங்களா?” இது உணவு நிபுணர் கங்கா.

ஒரு பொய்க்குத் துணை வேண்டாமா? “ஊட்டித்தான் வுடணும்.”

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஸ்ட்ரெச்சர் பக்கம் யாரும் திரும்பவில்லை. நோயாளியைக் கேட்பதற்கென்று குழுவில் தனித் துறை இல்லை.

பகலவன் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த நிலைமைல ஆபரேஷன் தாங்க மாட்டாங்க. குழுவோட ஒருமித்த முடிவு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆசைப்பட்டதைக் குடுத்து நல்லா பாத்துக்குங்க.”

அந்த வாக்கியத்தை மண்ணூரில் பலர் கேட்டிருக்கிறார்கள். கேட்ட வீட்டுக்கு அடுத்து வருவது பந்தல்காரர்தான். மரியஜோசப், தான் சொன்ன பொய்யை எந்த முனையில் பிடித்துத் திரும்ப இழுப்பது என்று தெரியாமல் நின்றான்.

ஸ்ட்ரெச்சர் கிரீச்சிட்டது. லூர்தம்மாள் இறங்கிப் புடவையை உதறிக்கொண்டார்.

“நா ஆசப்பட்டது ஆபரேஷன் டாக்டரு. அதக் குடு.”

ஜூலியின் பேனா கீழே விழுந்தது. “நடக்க மாட்டீங்கன்னு சொன்னாரே!”

“நீ அவனக் கேட்ட, அவன் சொன்னான். புண்ணு யார் வாய்ல கீது?”

மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்றினார். நாற்காலிகள் நகர்ந்து வழிவிட்டன. மகனுக்கு நேரே வந்ததும் நின்றார்.

“ஊட்டித்தான் வுடணுமா? வூட்டுக்கு வாடா, உனக்கு ஊட்டறேன்.”

பகலவன் தொண்டையைச் செருமினார். “இதைத்தான் நாங்க கூட்டுப் பரிசீலனைன்னு சொல்றது.”

“சொல்லு சொல்லு. அறுக்கறது யாரு?”

கடைசி நாற்காலியிலிருந்து இளம் அறுவை மருத்துவர் ரகு கையைத் தூக்கினார்.

“நீ வாயே தொறக்கலியே கண்ணு?”

“என்னை யாரும் கேக்கலம்மா.”

“என்னயுந்தான் கேக்கல. இப்பக் கேளு.”

ரகு எழுந்து வந்து டார்ச் அடித்தார். அன்று அந்த அறையில் லூர்தம்மாளின் வாயைப் பார்த்த முதல் ஆள் அவர்தான். நிதானமாகவே பார்த்தார். “அறுக்கலாம்மா. நெஞ்சு தாங்குமான்னு மயக்க டாக்டர் பாக்கணும். ஆனா முகம் ஒரு பக்கம் கோணிக்கும்.”

“கோணட்டும். மூஞ்சியக் காட்டியா கூழு விக்கறேன்?”

மயக்க டாக்டரும் தன் நாற்காலியை விட்டு எழுந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். குழு முதன்முறையாக நின்றது.

பரிசோதனை முடிந்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வெளியே வந்தபோது, வாசலில் ஒரு பெரியவரைப் பலராமன் அடுத்த ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். லூர்தம்மாள் பெரியவரின் தோளைத் தட்டினார்.

“எழுந்து ஒக்காருய்யா. படுத்துக்கினு போனா வூட்டுக்கு அனுப்பிடுவானுங்க.”