செல்வாம்பாளின் வலது கால்

1.
இந்தக் கதை எனக்கு நோணாங்குப்பத்துப் படகில் கிடைத்தது. சொன்னவன் பெயரை மாற்றச் சொன்னான்; இளம்பரிதி என்று வைத்துவிட்டேன். பொறாமையை மட்டும் மாற்றவில்லை. அதை எடுத்துவிட்டால் எழுத ஒன்றும் மிஞ்சாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘2008, முகத்துவாரத்தின் மேல் சூரியன் மெல்ல...’ வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலையில்லை.

2.
ரெட்டியார்பாளையத்து இளம்பரிதி இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. பிரிஸ்பீ என்கிற பிளாஸ்டிக் தட்டெறியும் ஆட்டத்தில் பைத்தியம். ஞாயிறுதோறும் ஆள் சேர்த்து, ஆணும் பெண்ணும், தெரிந்தவரும் தெரியாதவருமாக நாற்பது பேரை வைத்து ஒரு லீக் நடத்தினான்.

(தெரியாதவர்களுக்கு: தட்டைப் பிடித்தவர் ஓடக்கூடாது, எறிய வேண்டும். எதிரணிப் பக்கத்துக் கோட்டுக்கு அப்பால் நம்மாள் பிடித்தால் பாயிண்ட்; கால் ஆடுகளத்துக்கு வெளியே பட்டால் செல்லாது. நடுவர் கிடையாது. தப்பை ஆடுகிறவர்களே சொல்லிக்கொள்ள வேண்டும்.)

அங்கே வந்து சேர்ந்தான் நெல்லித்தோப்பில் பஞ்சர் கடை வைத்திருந்த முருகையன். இளம்பரிதிக்கு மூன்று வருஷம் பிடித்த எறி அவனுக்கு மூன்றே மாதத்தில் கைவந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். புதிதாக வருகிறவர்கள் தனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, சிரிக்க மட்டும் முருகையனிடம் போனதைத்தான்... [இங்கே ஓர் உவமை இருந்தது. அடித்துவிட்டேன். வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.]

3.
அணிகள் சமமாக இருக்க, திறமையைப் பார்த்து ஆளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மார்க்கு; எல்லா அணிக்கும் மொத்தம் ஒன்றாக வர வேண்டும். போடுகிறவன் இளம்பரிதி. பட்டியலைச் சரிபார்த்த, கூட ஆடும் சிவசங்கரி நிமிர்ந்தாள்.

“உனக்கு மூணா?”

“முட்டி வலி.”

“நேத்து கூட அந்தக் குதி குதிச்சியே?”

“எழுதுனது எழுதுனதுதான், உடு.”

முட்டிக்கு ஒன்றுமில்லை. தனக்கு மூன்று போட்டுக்கொண்டதால் அவன் பக்கம் நல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். ஐந்து வாங்கிய முருகையனுக்கு ஒன்று மார்க்கு ஆட்களாக வந்து விழுந்தார்கள். அதில் ஒருத்தி செல்வாம்பாள். மில் மூடிய பிறகு பை தைக்கப் போகிறவள், அதே அணியில் ஆடிய மகள் இழுத்து வந்ததால் வந்தவள்.

முருகையன் முகம் சுளிக்கவில்லை. “நம்ம டீம் சூப்பர்க்கா” என்றான் அவளிடம்.

இவ்வளவு நல்லவன் இருப்பானா என்று எனக்கே சந்தேகம். ஒரு குறை கொடுத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. இளம்பரிதிக்கும் அதுதான் கஷ்டம். வெறுக்க ஒரு காரணம்கூட அவன் தரவில்லை.

4.
இறுதியாட்டம் படகேறிப் போய் அக்கரை மணலில். இளம்பரிதி அணிக்கு எதிரே யாரும் எதிர்பாராமல் முருகையன் அணி வந்து நின்றது. பத்துக்குப் பத்து. கடைசிப் பாயிண்ட். முருகையன் எறிந்தது மகளுக்கில்லை, தாய்க்கு. செல்வாம்பாள் இரண்டு கையாலும் தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். கத்தினாள்.

பக்கத்தில் நின்றவன் இளம்பரிதி மட்டும்.

“கால் வெளிய போயிடுச்சிக்கா.”

அவள் குனிந்து மணலைப் பார்த்தாள். கோடு ஏற்கெனவே கலைந்திருந்தது.

“அப்டியா? நீ சொன்னா சரிதான் தம்பி.” தட்டைக் கீழே வைத்தாள்.

அடுத்த எறியில் இளம்பரிதி அணி ஜெயித்தது.

5.
ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் வட்டமாக நின்று மனதில் பட்டதைச் சொல்வது வழக்கம்.

முடிவு (அ): இளம்பரிதி அழுதபடி உண்மையைச் சொல்கிறான். [சினிமா.]

முடிவு (ஆ): முருகையன் சண்டைக்கு வருகிறான். [அவன் வரமாட்டான்.]

நடந்தது: “எனக்கு நானே மார்க்கு கொறச்சிப் போட்டுக்கிட்டேன்” என்றான் இளம்பரிதி. எல்லாரும் சிரித்தார்கள். சிவசங்கரி மட்டும் சிரிக்கவில்லை. முருகையன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். அந்த வியர்வைக்குள் நின்றபோது இளம்பரிதிக்கு எரிச்சல் இன்னும் கூடியது. கோட்டைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை.

திரும்பும் படகில் செல்வாம்பாள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “தம்பி, அடுத்த வாட்டி எனக்கு ரெண்டு மார்க்கு போடுவியா?”

அவன் என்ன சொன்னான் என்பதை மூன்று விதமாக எழுதி மூன்றையும் கிழித்துவிட்டேன். நீங்கள் எழுதுங்கள். அவனை மன்னியுங்கள், மன்னிக்காமல் போங்கள், உங்கள் பாடு. ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: அவள் கால் உள்ளேதான் இருந்தது.