பகடை உருட்டாத மன்னிப்பு

கி.பி. 2097-இல் மில்வாக்கி நகரத்தின் பாதி ஏரிக்குள் போய்விட்டிருந்தது. மீதிப் பாதியில் இரும்புக் கை பொருத்திக்கொண்ட கூலிப்படைக்காரர்களும் மந்திரவாதிகளும் அடித்துக்கொண்டு செத்தார்கள். அவர்கள் நடுவே இக்னேஷியஸ் சாமியார் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு திரிந்தார். இத்தனையும் சனிக்கிழமை மதியங்களில், டோலரஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், காகிதமும் பகடையும் வைத்து நடக்கிற விளையாட்டு. டோலரஸ் கதையை நடத்துவாள். ஜீன், ரெக்ஸ் என்கிற கூலிப்படைக்காரன் ஆவான். கான்ராட் அந்தச் சாமியார் ஆவான்.

கான்ராட் நிஜமாகவே கத்தோலிக்கச் சாமியாராக இருந்தவன். பதினோரு வருடத்துக்கு முன் ஹெலனைக் கட்டுவதற்காக ரோமாபுரிக்கு எழுதிப்போட்டு, குருப்பட்டத்திலிருந்து விடுதலைக் கடிதம் வாங்கினான். இப்போது பெயின்ட் கடையில் நிறம் கலக்கிறான். ஹெலனைக் கட்டியதற்கு ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனால் பூசை வைக்க ஏங்கினான். பாவசங்கீர்த்தனம் கேட்க, பாவத்தைச் சொல்ல வருகிறவர்களை மன்னித்து அனுப்ப, அதைவிட ஏங்கினான். வாரத்தில் மூன்று மணி நேரமாவது யாராவது 'சாமி' என்று கூப்பிடுவார்களே என்றுதான் இந்த மேசைக்கு வந்தான். அதை ஹெலனிடம்கூடச் சொன்னதில்லை.

விளையாட்டின் விதிப்புத்தகத்தோடு மட்டும் அவனுக்கு ஒத்துப்போகவில்லை. அதில் கத்தோலிக்கக் குருக்களை மந்திரவாதிகள் அத்தியாயத்தில் சேர்த்திருந்தார்கள். ஆசீர்வாதத்துக்கு நாலு பகடை, பேயோட்ட ஏழு.

"ஜெபம் பண்றதுக்கும் வாயால நெருப்பு கக்குறதுக்கும் ஒரே கணக்கா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டிருக்கான்," என்பான் கான்ராட்.

"முதல்ல உருட்டுங்க சாமி, அப்புறமா ரோமுக்கு மனு போடலாம்," என்பாள் டோலரஸ்.

அன்று ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் மூன்றாவது சனிக்கிழமை. முந்தின நாள் கோயில் கூடத்தில் வறுத்த மீனில் மிஞ்சியதை டோலரஸ் கறுப்பு ரொட்டியோடு வைத்திருந்தாள். ஜீன் தொடவில்லை. பஸ் பணிமனையில் முப்பது வருடம் ஸ்பானர் பிடித்த கை, பகடையைத் தூக்கவே திணறியது. கணையத்தில் புற்று. ஈஸ்டரைப் பார்த்தாலே பெரிய விஷயம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கோயில் இருக்கும் திசையில்கூடத் தலைவைத்துப் படுக்காதவன் ஜீன். பார்க்க வந்த கோயிலின் பங்குச் சாமியாரை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தான்.

ஆட்டத்தில் ரெக்ஸின் வயிற்றில் குண்டு பாய்ந்தது.

"சாமி, குணமாக்க ஆறு பகடை. சீக்கிரம்," என்றாள் டோலரஸ்.

"குணமாக்க வேணாம்," என்றான் ஜீன். "ரெக்ஸ் பாவசங்கீர்த்தனம் பண்ணணுமாம்."

"ரெக்ஸா? கொன்ன ஆளுங்களச் சொல்லி முடிக்கவே அவனுக்கு அடுத்த சனிக்கிழமை ஆயிடும்," என்றாள் டோலரஸ்.

ஜீன் சிரிக்கவில்லை. மேசை விரிப்பைப் பார்த்தபடியே பேசினான்.

"கடைசியா சொல்லி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, சாமி. தொண்ணூத்தி நாலுல, எங்க அண்ணன் செத்தப்போ..."

ரெக்ஸ் 2061-இல் பிறந்தவன். அவனுக்கு அண்ணனே கிடையாது. பேசுவது ஜீன்தான் என்று கான்ராடுக்கு உறைத்தது.

நிஜமாகத்தான் கேட்கிறாயா என்று வாய்விட்டுக் கேட்டால் ஜீன் சிரித்து மழுப்பிவிடுவான். அப்புறம் செத்தாலும் வாய் திறக்க மாட்டான். குருப்பட்டத்தைத் துறந்தவனுக்குத் திருச்சபை எல்லாக் கதவையும் அடைத்திருந்தது, ஒன்றைத் தவிர. சாகப்போகிறவன் கேட்டால் அவனும் பாவமன்னிப்புக் கொடுக்கலாம். ஆனால் உட்கார்ந்து பகடை ஆடுகிறவன் சாகப்போகிறவனா, அல்லது தன் ஏக்கம்தான் அப்படிச் சொல்ல வைக்கிறதா? கான்ராட் நிமிர்ந்து ஜீனின் கண்களைப் பார்த்தான். வெள்ளை விழி முழுக்க மஞ்சள் பாய்ந்திருந்தது.

"டோலரஸ், கொஞ்சம் அடுக்களைக்குப் போ. கதவச் சாத்திக்கோ."

"நான் இல்லாம கதை எப்படி நகரும்? எத்தனை பகடைன்னாவது..."

"இதுக்குப் பகடை கிடையாது."

அவன் முகத்தைப் பார்த்தவள் மறுபேச்சில்லாமல் எழுந்து போனாள்.

ஜீன் என்ன சொன்னான் என்பது அவர்கள் இருவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். எனக்குத் தெரிந்திருந்தாலும் சொல்ல மாட்டேன். இருபது நிமிடம் ஆனது. பிறகு கான்ராட் கையை உயர்த்தினான். சொற்கள் மறந்துபோயிருக்குமோ என்று பயந்தான். மறக்கவில்லை.

"பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உன் பாவங்களிலிருந்து நான் உன்னை விடுவிக்கிறேன்."

ஜீன் தலை நிமிராமலே கேட்டான்.

"இது செல்லுமா?"

"செல்லும்."

"ரெக்ஸுக்கா, எனக்கா?"

"ரெக்ஸுன்னு ஒருத்தன் கிடையாதுடா."

ஜீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன மீனில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான்.

காரில் திரும்பும்போது கான்ராட் அழுதான். பதினோரு வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததில்லை. இரண்டாவது சிக்னலில் நின்றபோதுதான் தன் மனம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கவனித்தான். தெரிந்தவர்களில் வேறு யாருக்கு நோய் முற்றியிருக்கிறது என்று அது ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பெயின்ட் கடை முதலாளிக்கு இதயம் சரியில்லை. ஹெலனின் அத்தை படுத்த படுக்கையாகி ஒரு மாதம் ஆகிறது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. வண்டியைத் திருப்பினான். சனிக்கிழமைகளில் நாலு மணி வரை கோயிலில் சங்கீர்த்தனம் கேட்பார்கள். பாவம் சொல்ல வந்தவர்களின் வரிசையில், ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்குப் பின்னால், போய் நின்றான்.