வருஷத்துக்கு ஒரு எக்ஸ்ரே

"மூணு வாட்டி போடணும் அண்ணி. வண்டி வந்து நிக்குது," என்று சரசாவின் கையில் வாய்க்கரிசியைக் கொட்டினான் உத்தமன், செத்துப்போன கஜபதியின் தம்பி.

கஜபதியின் இடது தாடை வீங்கி, முகமே ஒரு பக்கமாக இழுத்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் உத்தமனுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"எல்லாம் இவுரு பண்ணிக்கினதுதான்! பதினாலு வருஷம் முன்ன தாடையில கட்டிய எட்த்தப்பவே டாக்டரு இன்னா சொன்னாரு? வலி இல்லன்னாலும் வருஷா வருஷம் வந்து எக்ஸ்ரே எடுன்னாரு. சோம்பேறித்தனமா உட்டுட்டாரே!"

சரசா கையிலிருந்த அரிசியை இறுக்கி மூடிக்கொண்டாள்.

சோம்பேறியா? அந்த மனுஷனா? அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறைக்கு ஒரு நாள் தாமதமாகப் போனவரில்லை. எட்டு வருஷம் வேலப்பன்சாவடி பக்கம் பல் ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காகப் போய் வந்தார். ஒன்பதாம் வருஷம் வழி மறித்தவள் இவள்தான். அந்த ஆடியில் கூழ் ஊற்றி, வெள்ளித் தகட்டில் முகம் வாங்கி அம்மன் உண்டியலில் போட்டு, கட்டி திரும்பி வராததற்கான வேண்டுதலை முடித்திருந்தாள்.

"வேண்டுதல முடிச்சிட்டு, திரும்பி எக்ஸ்ரே எட்த்தா ஆத்தாள நம்பலன்னு ஆவாதா? போவாதய்யா."

அவர் சிரித்துக்கொண்டே ஃபைலைப் பரண்மேல் போட்டுவிட்டார்.

போன தை மாதம் வீக்கம் தெரிந்து ஓடினார்கள். அதற்குள் கட்டி புற்றாகி மண்டைவரை ஏறிவிட்டிருந்தது. "நடுவுல ஏன் வரல?" என்று டாக்டர் சத்தம் போட்டார். சரசா வாயைத் திறப்பதற்குள் கஜபதி முந்திக்கொண்டார்.

"நான்தான் சார், சோம்பேறித்தனமா உட்டுட்டேன்."

அதன்பிறகு அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருக்கக் கூடாதா, பாவி மனுஷன்!

"சொல்லு அண்ணி, நான் சொல்றது தப்பா?"

மகள் ரேஷ்மா அழுதுகொண்டே அவள் தோளைப் பிடித்தாள். "அம்மா எத்தினி வாட்டி சொல்லிருப்பாங்க சித்தப்பா. அப்பாதான் கேட்டிருக்க மாட்டாரு."

சொல்வதென்றால் இப்போதே சொல்ல வேண்டும், அவர் முன்னாலேயே. சுற்றி நின்றவர்களெல்லாம் இவளைப் பார்த்தார்கள். ரேஷ்மாவின் கை தோளைவிட்டு நகரவில்லை.

"தப்பு இல்ல உத்தமா," என்றாள் சரசா. "எங்க கேட்டாரு."

முதல் பிடி உதட்டில் நிற்காமல் மாலைக்குள் உதிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பிடியை வைத்து, உதிராமல் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போதும்மா, கைய எடு," என்று யாரோ சொன்னார்கள். அவள் எடுக்கவில்லை.