சத்தத்துக்குச் சாம்பிள்

1994-ஆம் வருடம் ஐப்பசி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, மாலை நாலரை மணிக்கு விழுந்த ஓர் இடியோடு, விக்கிரமசிங்கபுரம் கீழத்தெருவில் கலைச்செல்வி வீட்டுக்குள் சத்தம் நின்றுபோனது. அன்று தக்காளி கிலோ மூன்று ரூபாய். வாசற்படிக்கு வெளியே எல்லாம் வழக்கம்போலக் கேட்டது. படிக்கு உள்ளே குக்கர் விசிலடித்தாலும் சரி, மாமியார் ஆறுமுகத்தாய் மருமகளை ஏசினாலும் சரி, ஒன்றும் கேட்காது. முதல் ஒரு வாரம் தெருவே முறை வைத்து உள்ளே போய்க் கைதட்டிப் பார்த்துவிட்டு வந்தது. பிறகு கார்த்திகை பிறந்துவிட்டது, எங்களுக்கும் வேலை இருந்தது.

கலைச்செல்வியின் புருஷன் பேச்சிராஜ் நூல் மில்லில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன். அவனுக்கு இது தெய்வம் தந்த வரம். ஆறுமுகத்தாய்தான் பாவம், ஒவ்வொரு ஏச்சுக்கும் மூட்டுவலியோடு வாசல்வரை நடந்துவர வேண்டியிருந்தது. கலைச்செல்வியும் அந்த அமைதியை வீணாக்கவில்லை. அரிசி களைந்துகொண்டே வாய் ஓயாமல் பேசுவாள். ஜன்னல் வழியே பார்த்தால் உதடு அசைவது தெரியும். எங்களைப் பற்றித்தான் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன.

சிக்கல் மகள் மாரிக்கண்ணு. இடி விழுந்தபோது எட்டு மாதக் குழந்தை. ஒன்றரை வயது தாண்டியும் வெளியே ஒரு வார்த்தை பேசவில்லை. வாசல் தாண்டினால் உதட்டை இறுக்கிக்கொள்ளும். வீட்டுக்குள்ளோ தாயைப் பார்த்து விடாமல் வாயசைக்கும். எப்போதும் ஒரே மாதிரி, நாலே நாலு அசைவு. பிள்ளை ஊமையாகிவிடும், திருச்செந்தூரில் வேண்டிக்கொள் என்று நாங்கள் நல்ல மனதோடு சொன்னோம்.

"முருகனுக்கு ஆயிரம் சோலி கெடக்கு. எம் பிள்ள என்ன சொல்லுதுன்னு நான் கேக்கணும். இந்த வீட்டுல ஏதோ ஒரு சாமான் கொறையுது, அது எந்தக் கடையில இருக்குன்னு பாக்கேன்" என்று சொல்லிவிட்டாள்.

அவளும் மில்லுக்காரிதான், அறுந்த நூலைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிற கை. பழைய பேப்பர் கடையில், வீட்டிலேயே ஆம்ப்ளிபயர் செய்வது எப்படி என்று சொல்லும் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றைப் பிடித்தாள். அம்பாசமுத்திரத்தில் டிரான்சிஸ்டரும் கண்டென்சரும் மைக்கும் வாங்கி, ஈயம் பற்றவைத்து, விரலைச் சுட்டு, மூன்று மாதத்தில் முடித்தாள். தெருவில் வைத்தபோது எங்கள் இருமல் மில் கேட்வரை கேட்டது. படிக்கு உள்ளே கொண்டுபோனதும் செத்துவிட்டது.

அதன்பிறகு வாராவாரம் லீவு நாளில் பஸ் ஏறினாள். பாளையங்கோட்டை, டவுன், ஜங்ஷன் என்று ரேடியோ ரிப்பேர்க் கடை ஒன்றையும் விடவில்லை. எல்லா அண்ணாச்சிமாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "பழச கொண்டாந்திருக்கியளாம்மா? சாம்பிள் இல்லாம எங்கன தேட?" அந்த வியாபாரத்தின் சட்டம் அது. கருகின சாமானை மேஜைமேல் வைத்தால்தான் டிராயரைத் திறப்பார்கள். போனது சத்தம், அதற்கு எதைச் சாம்பிள் காட்டுவது? ஒரு வாரம் யோசித்தாள். பிறகு காலி பால்மாவு டின் ஒன்றை உள்ளறையில் ஒரு பகல் முழுக்கத் திறந்து வைத்து, வீட்டு அமைதியை அதில் நிரப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி எடுத்துப்போனாள்.

முதல் கடையில் டின்னைத் திறந்ததும் பாடிக்கொண்டிருந்த ஏழு ரேடியோவும் நின்றன. அண்ணாச்சியின் குரலும் நின்றது. பேரம் பேச வழியில்லாமல் மூன்று வாடிக்கையாளர்கள் எழுந்து போனார்கள். மூடியபின், "தாயி, கும்பிட்டுக் கேக்கேன், எடுத்துட்டுப் போயிரு" என்றார். நாலாவது கடைக்கு அவள் போகுமுன்பே சேதி போய்விட்டது. தூரத்தில் டின்னைப் பார்த்தே ஷட்டரை இறக்கினார்கள். திறக்கத் திறக்க அமைதி குறைந்து டின்னில் அடிமட்டம்தான் மிச்சம். அவள் விடவில்லை.

1996 தை மாதம், ஜங்ஷனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே பழைய சாமான் விற்கும் அசன் முகம்மதுவின் கடைக்கு வந்தாள். மிச்சத்தைத் திறந்தாள். மின்விசிறி சத்தம் நின்றது, வெளியே பஸ் ஹாரன் நின்றது. மூலையில், வயர் இல்லாமல் கிடந்த ஒரு ஸ்பீக்கர் மட்டும் நிற்கவில்லை. அதிலிருந்து முதலில் ஒரு தட்டு உருண்டது. பிறகு ஆறுமுகத்தாயின் இருமல். பிறகு ஒரு குழந்தை: "ஏளா கலை! ஏளா கலை!"

தெருவில் நாங்கள் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். பிள்ளை கேட்டதைத்தானே சொல்லும்.

அசன் முகம்மது எட்டி மூடியைப் போட்டார். "ஒங்க வீடாம்மா இது? பதினஞ்சு மாசமா கரண்டு இல்லாமப் பேசுது. பிள்ள காலையில கூப்பிட ஆரம்பிச்சா பொழுது அடையிற மட்டும் விடாது. பதில் சொல்ல ஆளக் காணோம். மனசு கேக்காம நாந்தான் இங்கன இருந்து 'என்ன ராசாத்தி'ம்பேன்."

கலைச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. "பாய், நான் பேசினதும் வந்துச்சா?"

"வந்துச்சும்மா. ஒங்க தெருவு ஒண்ணு விடாம எனக்கு அத்துப்படி. கடைக்கு வாரவுகளும் கேப்பாக."

அப்படித்தான் அது எங்கள் காதுக்கும் வந்து சேர்ந்தது. அவள் சொன்னதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

பழசு கடைக்கு, மாற்று வீட்டுக்கு என்ற வழக்கப்படி டின் அங்கேயே தங்கியது. ஸ்பீக்கரை மடியில் வைத்து பஸ்ஸில் வந்தாள். சேரன்மகாதேவி தாண்டியும் அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது; "வாரேன்ளா, வாரேன்" என்று அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டு அலமாரியில் வைத்ததும் மாரிக்கண்ணு தன் குரலை அதில் கேட்டுத் திகைத்து, அலமாரியை ஒருமுறை, தாயை ஒருமுறை பார்த்து, மறுபடி கூப்பிட்டுப் பார்த்தது. "என்ன ராசாத்தி" என்று அசன் முகம்மதுவின் குரலில் அலமாரி பதில் சொன்னது.

பேச்சிராஜ் இப்போது பக்கத்து வீட்டு மாடியில் தூங்குகிறான். ஆறுமுகத்தாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏசுகிறாள். பேரம் முற்றினால் அசன் முகம்மது டின்னை ஒரு விரல்கடை திறக்கிறார். ஆயுத பூஜைக்கு ஸ்பீக்கருக்கும் ஒரு சந்தனப் பொட்டு உண்டு. மாரிக்கண்ணு பள்ளிக்கூடம் போயும் தாயை "ஏளா கலை" என்றுதான் கூப்பிடுகிறாள். திருத்திப் பார்த்தும் பயனில்லை. அந்த வீட்டுக்குப் போனால் நாங்களும் அலமாரியைப் பார்த்துத்தான் நலம் விசாரிக்கிறோம்.