டாமியானுஸுக்கு ஒரு முகம்

1

இந்தக் கதை எனக்கு இந்தோனேசியாவின் கிழக்குத் தீவு ஒன்றில், மௌமெரே ஊர்ச் சந்தைக்கு எதிரே ஓர் அச்சுக்கடையில் கிடைத்தது. நான் வேறு வேலையாகப் போயிருந்தேன். வில்லி அங்கே கணினி முன்னால் உட்கார்ந்து தன் அண்ணனின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தான். அண்ணன் டாமியானுஸ் முந்தைய நாள் எண்டே மலைப்பாதையில் லாரியோடு பள்ளத்தில் விழுந்து இறந்துபோயிருந்தான். படங்கள் இருந்த கைபேசியும் நொறுங்கிவிட்டது. மிச்சம், வீட்டில் கிடந்த பழைய அடையாள அட்டையின் மங்கல் படம். மறுநாள் அடக்கம். சவப்பெட்டிக்கு முன்னால் தூக்கிச் செல்ல ஒரு படம் வேண்டும்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

டாமியானுஸ் கறுப்பாக இருந்தாலும் களை—

(நிறுத்திவிட்டேன். அந்த 'இருந்தாலும்' நான் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொண்டது. பெண் பார்க்கப் போன வீடுகளில் எத்தனை முறை கேட்ட சொல்! அழிக்கவில்லை, கிடக்கட்டும். கடைக் கணினியும் கிட்டத்தட்ட இதையேதான் செய்தது.)

2

வில்லி மங்கல் படத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துத் தெளிவாக்கச் சொன்னான். திரையில் வந்தவனுக்கு வெளுத்த நிறம், கூர்மூக்கு, படிய வாரிய முடி. தலையில் அந்த நாட்டு மந்திரிகள் போடும் கறுப்புத் தொப்பி வேறு.

"யாருடா இது? உங்க அண்ணனை மந்திரிசபையில சேர்த்துட்டியா?" என்றாள் டாமியானுஸின் மனைவி ஃபிலோமினா. அழுது வீங்கிய கண்ணோடு அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

"இந்தோனேசிய ஆம்பளைன்னா இப்படித்தான்னு அது நெனச்சுக்கிட்டிருக்கு அண்ணி. நம்ம தீவு பேரைப் போட்டுப் பாக்கறேன்."

போட்டான். நிறம் வந்தது, சட்டை போய்விட்டது. கையில் ஈட்டி, தலையில் இறகு, பின்னால் ஓலைக்குடிசை.

"லாரி ஓட்டினவரை வேட்டைக்கு அனுப்புது பாரு!"

'சட்டை போட்ட லாரி டிரைவர்' என்று சேர்த்தான் வில்லி. சட்டை திரும்பி வந்தது. நிறம் போய்விட்டது.

3

(இந்த இடத்தில் ஃபிலோமினாவைக் கோபப்படுத்த நினைத்தேன். இயந்திரத்தை ஒரு வாங்கு வாங்கிவிட்டு, மங்கல் படத்தோடு விருட்டென்று வெளியேறும் பெண். உங்களுக்கும் பிடித்திருக்கும். ஆனால் நடந்தது வேறு.)

வில்லி முதல் படத்துக்குத் திரும்பிப்போய்த் தொப்பியை மட்டும் எடுத்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. அண்ணனுக்கே இது பிடிச்சிருக்கும். சுரபாயா நகரத்துக்குப் போனா முகம் வெளுக்கற சோப்பு வாங்கிட்டு வருவாரே..."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கும் ஒண்ணு குடுத்தாரு."

ஃபிலோமினா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளே சொன்னாள்:

"அங்க கடைக்குள்ள போனா காவலாளி இவரு பின்னாலயே வருவானாம். எதையாவது தூக்கிட்டுப் போயிருவாருன்னு. சோப்பு போட்டா வரமாட்டான்னு நெனச்சாரு."

"வரலையா?"

"வந்தான். இன்னும் ஒரு கட்டி போட்டுப் பாக்கறேன்னாரு."

4

முடிவு எனக்கு வசப்படவில்லை. மங்கல் படத்தோடு ஊர்வலம் போவதாக எழுதினேன். டாமியானுஸின் அக்கா "பேய் மாதிரி இருக்கான் என் தம்பி" என்று அழுதாள். வெளுத்த படத்தோடு போவதாக எழுதினேன். யாருக்கோ நடக்கும் அடக்கமாகிவிட்டது. படமில்லாத வெறும் சட்டம் போதும் என்று ஒன்று எழுதி, ரொம்பவும் மகிழ்ந்துபோனேன். மறுநாள் படித்தபோது கூச்சமாக இருந்தது. அது எழுதுகிறவனின் முடிவு. புருஷனைப் புதைக்கப் போகிறவளுக்கு அது எதற்கு?

நடந்தது இவ்வளவுதான். ஃபிலோமினா மங்கல் படம், வெளுத்த படம் இரண்டையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க ஐயா. அவரா, அவரு ஆசைப்பட்டவரா?"

நான் ஏதோ சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தானே விரலை நீட்டிக் காட்டினாள். அச்சுப்பொறி ஓடத் தொடங்கியது.

எந்தப் படம் என்று எழுதமாட்டேன். எழுதினால் அவள் செய்தது சரியா தப்பா என்று நாம் பேச ஆரம்பித்துவிடுவோம். நீங்களும் கொஞ்ச நேரம் அந்தத் திரைக்கு முன்னால் நில்லுங்கள். கடைக்காரர் எதை அச்சடிக்கட்டும் என்று கேட்கிறார்.