லஸ்ஹரின் மூச்சில் ரம்பப் பல்

மெத்லாவி பாஸ்பேட் சுரங்கத்தில் வருடம் ஒருமுறை எல்லோரும் குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். தூசி நுரையீரலைத் தின்றிருக்கிறதா என்று பார்ப்பார்கள். லஸ்ஹருக்கு அது திருநாள் மாதிரி. ஐம்பது வயதிலும் அவனளவு ஊத அங்கே ஆள் கிடையாது. வரிசையில் நிற்கும்போதே மார்பை நிமிர்த்திக்கொள்வான்.

இந்த முறை டாக்டர் ரௌதா பாராட்டவில்லை. திரையில் வழவழவென்று வளைய வேண்டிய கோடு, ரம்பத்தின் பல்லைப்போல ஏறி இறங்கியிருந்தது. மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் பல்.

"நுரையீரல்ல ஒரு குறையுமில்ல. தொண்டை மேலதான் சந்தேகம். குறட்டை விடுவீங்களா?"

"நானா? சேச்சே."

வரிசை மொத்தமும் சிரித்தது. "டாக்டரம்மா, சாப்பாட்டு நேரத்துல இவன் தூங்கினா வெடி வெச்சுட்டாங்கன்னு நாங்க எழுந்து ஓடுவோம்" என்றான் பின்னால் நின்ற அம்மார். நடுவில் மூச்சே நின்றுபோகும் என்பதையும் போட்டுக்கொடுத்தான். லஸ்ஹருக்கு அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

அவனுக்கு அது சிரிப்பு விஷயமில்லை. முதல் மனைவி, இவன் குறட்டையில் ஒருநாள்கூடக் கண்ணை மூடவில்லை என்று சொல்லி ஒரே வருடத்தில் விவாகரத்து வாங்கிக்கொண்டு போனாள். இப்போது அடுத்த வீட்டுத் தையற்காரி மப்ரூக்கா, கணவனை இழந்தவள், அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தாள். இவன்தான் ஆலிவ் பறிப்பு முடியட்டும், நோன்பு முடியட்டும், கோடை வெயில் இறங்கட்டும் என்று நாள் கடத்தினான். பாவம், அவளுக்குக் காரணம் தெரியாது. வெயில் இறங்கும்வரைதான் பொறுப்பேன், அப்புறம் ஸ்பாக்ஸ் நகரத்தில் அண்ணன் வீட்டோடு போய்விடுவேன் என்று அவளும் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

கோடு சந்தேகத்தைத்தான் சொல்லும் என்று, டாக்டர் ஒரு கருவியைக் கட்டித் தூங்கவைத்துப் பார்த்தார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்பது உறுதியானது. சில வாரங்களில் முகமூடி, குழாய், காற்றுப்பெட்டி எல்லாம் வீடு வந்து சேர்ந்தன. யாருக்கும் சொல்லாமல் மாட்டிக்கொண்டு படுத்த லஸ்ஹர் பச்சைக் குழந்தைபோலத் தூங்கினான்.

விடிந்தும் விடியாததுமாய் யாரோ கதவை இடித்தார்கள். தூக்கக் கலக்கத்தில் முகமூடியோடேயே போய்த் திறந்தான். மப்ரூக்கா நின்றிருந்தாள், ஒரு காலில் மட்டும் செருப்போடு. அவனைக் கண்டதும் நிலையில் சாய்ந்து அழுதாள். மூக்கிலிருந்து தொங்கிய குழாயைக் கண்டதும் அழுகையோடேயே சிரித்தாள்.

"முழிச்சுப் பாத்தா உங்க சத்தமே இல்ல. காதைச் சுவத்துல வெச்சுக் கேட்டேன், அப்பவும் இல்ல. போய்ட்டீங்கன்னே நெனச்சேன்."

"என் சத்தம் உனக்குக் கேக்குமா?"

"ஆறு வருஷமா கேக்குது. நடுவுல அது நின்னுச்சுன்னா, திரும்ப வர்ற வரைக்கும் நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கெடப்பேன்."

இதற்காகவா இத்தனை மாதம் பயந்தோம் என்று அவனுக்கு வெட்கமாகவும் தாங்கமுடியாத சந்தோஷமாகவும் இருந்தது. வெயில் இறங்கக் காத்திருக்க வேண்டாம், வருகிற வாரமே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். முகமூடிக்குள் அது பாதிதான் கேட்டது.

"அதைக் கழட்டிட்டுக் கேளுங்க."

கழற்றிவிட்டுக் கேட்டான்.