இதர வாயுக்கள்

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. வாக்கியம் என்னுடையது. போன வருஷம் நான் எழுதிய முப்பத்திரண்டு பக்கச் சிறுநூலில், பதினாலாம் பக்கத்தில் இருக்கிறது: “விளக்கு எரியுமிடத்தில் மனிதன் வாழ்வான்.”

காதுக்கு நன்றாக இருக்கிறது, இல்லையா? எழுதும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதை நம்பி ஒருவன் செத்தான் என்று சொன்னால் பொய். முனிசாமி என் நூலைப் படித்ததில்லை. அவன் செத்த பிறகு அந்த வரியை வைத்து அவனை இன்னொரு தரம்

[இங்கே நிறுத்துகிறேன். அவசரப்படுகிறேன்.]

முதலில் சொல்ல வேண்டியது வேறு. இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, செங்கல்பட்டில் என் வீட்டு வாசற்படியில் சின்னப்பொண்ணு என்பவள் உட்கார்ந்திருக்கிறாள். முனிசாமியின் மனைவி. காலை ஒன்பது மணிக்குத் திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் வந்தாள். அவள் கேட்பது நாலு வரி, கீழே என் கையெழுத்து. சாயங்காலம் ஐந்துக்குள் அது விசாரணை அதிகாரியின் அலுவலகத்தில் சேர வேண்டும். சேராவிட்டால், விளக்கு அணைந்துபோன கிணற்றில் முனிசாமி குடிபோதையில் இறங்கிச் செத்தான் என்றும், விளக்கு எரிந்தது என்று அவன் மனைவி சொன்னது பொய் என்றும் விசாரணைக் கோப்பில் நிலைத்துவிடும்.

“செத்தவரு செத்துட்டாரு சார்,” என்றாள் வந்ததும். “நான் பொய் சொன்னேன்னு ஒரு பேப்பரு கீது பாரு, அது இருக்கக்கூடாது.”

நாலு வரி எழுத உட்கார்ந்தேன். கதை வந்துவிட்டது. நாலு வரியில் உண்மையைச் சொல்ல வேண்டி வரும்போதெல்லாம் எனக்குக் கதை வரும்.

தொடக்கங்கள் மூன்று கைவசம் இருக்கின்றன.

“பூமித்தாய் ஐந்து பட்டாடைகளைத் தன் மேனியில் போர்த்தியிருக்கிறாள்.” இது அந்தச் சிறுநூலின் முதல் வரியேதான். வேண்டாம்.

“எழுபத்தைந்தாம் வருஷம் சித்திரையில், வானம் பொய்த்துப்போன அந்த” - வானம் யாருக்கும் வாக்குக் கொடுத்ததாக எனக்குத் தெரியாது. வேண்டாம்.

“முனிசாமி நல்லவன்.” எனக்கு எப்படித் தெரியும்? அவனோடு பேசியது மொத்தம் அரைமணி நேரம்.

2

அறிவியலைப் பட்டிதொட்டியெல்லாம் பரப்புவதற்கென்று ஒரு சபை. பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் இந்தப் பக்கம் முடிந்துவிடும். அதன் தலைவர் என்னை அழைத்து, பாமரருக்குப் புரியும்படி வளிமண்டலத்தைப் பற்றி எழுதச் சொன்னார். “காற்று” என்ற சொல்லை மட்டும் அவர் அனுமதிக்கவில்லை. “வளி” என்றே வர வேண்டும் என்றார். ஒரு நாள் அவருடைய கார் டயர் இறங்கியபோது மட்டும் டிரைவரிடம், “டேய், காத்து போச்சுடா,” என்றார்.

இருபது வருஷமாகப் பத்திரிகையில் இப்படிப்பட்ட ஆசாமிகளைக் கிண்டல் செய்து பிழைத்தவன் நான். என்றாலும் எழுதிக் கொடுத்தேன். அடிவளி மண்டலம்: மேகமும் மழையும், மழை இல்லாமையும் இங்கேதான். அதன் மேல் அடுக்கு மண்டலம், அங்கே ஓசோன். அதற்கும் மேல் இடை மண்டலம். எரிகற்கள் பெரும்பாலும் அங்கேதான் சாம்பலாகின்றன. பிறகு வெப்ப மண்டலம். அதற்கப்பால் புறமண்டலம், அங்கே ஒரு அணு இன்னொரு அணுவைப் பார்ப்பதே அபூர்வம், நம் சபைக் கூட்டங்களின் உறுப்பினர் வருகையைப் போல.

ஆயிரம் கிலோமீட்டர் உயரத்துக்கு எழுதினேன். தரைக்குக் கீழே நாற்பதடியில் என்ன காற்று இருக்கும் என்று யோசிக்கவில்லை.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பட்டியலும் போட்டேன். நைட்ரஜன் எழுபத்தெட்டு. பிராணவாயு இருபத்தொன்று. ஆர்கான் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. கரியமில வாயு பதினாயிரத்தில் மூன்று பாகம். கூட்டினால் நூறு வரவில்லை, கடுகளவு இடித்தது. “இதர வாயுக்கள்” என்று ஒரு வரி சேர்த்து நூறாக்கினேன். *

* இந்த அடிக்குறிப்பில் இதர வாயுக்களின் பெயர்களை எழுதியிருக்க வேண்டும். பக்கத்தில் இடமில்லை என்று அச்சகத்தார் சொன்னார்கள். அந்த இடத்தில் தலைவரின் படம் வந்தது.

3

முனிசாமியை நான் பார்த்தது நூலை எழுதிக்கொண்டிருந்தபோது. கடலிலிருந்து மூன்று மைல் உள்ளே, மாமல்லபுரம் ரோட்டை ஒட்டிய ஒரு கிராமம். நிலக்கடலைக் கொல்லையில் பாழுங்கிணறு ஒன்றைத் தூர் வார வந்திருந்தான். அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி மெதுவாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். பட்டப்பகல்.

“பகல்ல எதுக்கப்பா விளக்கு?” என்றேன்.

“காத்து கீதான்னு பாக்கறேன் சார்.”

“காற்று எங்கேயும்தான் இருக்கிறது.”

“இருக்கும். நமக்குத் தோதான காத்தான்னு பாக்கணும்ல. இது அணைஞ்சா நான் எறங்கமாட்டேன். நீ வேணா எறங்கி எழுதிகினு வா.”

எதிர்ப்பக்கம் கயிற்றைப் பிடித்திருந்த சின்னப்பொண்ணு சிரித்தாள். விளக்கு எரிந்தபடியே மேலே வந்தது. அவன் இறங்கினான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து எழுதியதுதான் பதினாலாம் பக்கம். நம் மண்ணின் மைந்தர்கள் ஏட்டறிவின்றியே கண்டுணர்ந்த மெய்ஞ்ஞானம், அது இது என்று அரைப் பக்கம். கடைசியில் அந்த வாக்கியம். ஆக, அந்த வரிக்குச் சொந்தக்காரனும் முனிசாமிதான். அவன் சொன்னது ஒரு கிணற்றைப் பற்றி. நான் அதை உலகத்துக்கெல்லாம் சட்டமாக்கினேன்.

4

[இந்தப் பகுதி சின்னப்பொண்ணு சொன்னபடி. என் கைவரிசை எதுவும் இல்லை.]

இந்தச் சித்திரையில் கிணறுகளில் தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டது. கரையில் வைத்த எஞ்சினால் இழுக்க முடியவில்லை. ராஜாராம் என்ற விவசாயி தன் எஞ்சினைக் கிணற்றுக்குள்ளேயே, இருபதடி ஆழத்தில் பலகை போட்டு இறக்கிவைத்தான். பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுகிற சின்ன எஞ்சின். இந்த வருஷம் பலரும் அப்படிச் செய்தார்கள்.

அன்று காலை ஆறு மணியிலிருந்து எஞ்சின் ஓடியது. பத்து மணிக்குக் குழாயின் அடி வால்வில் சேறு அடைத்துத் தண்ணீர் நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டு முனிசாமியைக் கூப்பிட்டார்கள்.

முனிசாமி விளக்கை விட்டுப் பார்த்தான். அடிவரைக்கும் எரிந்தது. சின்னப்பொண்ணு அதை இழுத்துச் சுவரின் மேல் வைத்தாள். அவன் இறங்கினான். கொஞ்ச நேரம் ஸ்பானர் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கூப்பிட்டார்கள், பதில் இல்லை. அவள் தம்பி சடையன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அவனைத் தூக்கிவந்தான். மேலே வந்ததும் சடையன் வாந்தி எடுத்தான். தலை வெடிக்கிறது என்றான். முனிசாமிக்கு மூச்சு இல்லை. உதடும் நகமும் சிவந்திருந்தன.

“அப்பக்கூட வெளக்கு எரிஞ்சிகினுதான் இருந்துது சார். நான்தான் ஊதி அணைச்சேன்.”

5

விஷயம் கேள்விப்பட்டதும் ரசாயன வாத்தியார் ராமானுஜத்தைப் பார்க்கப் போனேன். விடைத்தாள் கட்டின்மேல் காலை நீட்டிக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“விளக்கு எரிந்ததாம், ஆள் செத்துவிட்டானாம். முடியுமா?”

“எஞ்சின் ஓடிச்சா?”

“நாலு மணி நேரம்.”

“அப்புறம் என்னய்யா கேள்வி? கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை. நூத்துல அரைப் பங்கு இருந்தாப் போதும், ஆள் எழுந்திருக்க மாட்டான். விளக்குக்கு அதனால ஒண்ணும் ஆகாது. ஜோரா எரியும். உதடு சிவந்திருந்துதா?”

“ஆமாம்.”

“அந்த வாயு ரத்தத்துல ஏறினா அப்படித்தான் சிவக்கும்.” காபியை முடித்தார். “உம்ம புஸ்தகத்துல அது இல்லையே. எங்க போட்டீரு, இதரவுலயா?”

ஆகவே, சுருக்கமாக: கரியமில வாயு தேங்கிய கிணற்றில் விளக்கு அணையும், எஞ்சின் ஓடிய கிணற்றில் விளக்கு எரியும், மனிதன் சாவான். சின்னப்பொண்ணு சொன்னது நடக்கக்கூடியது. முனிசாமியின் உதடு சிவந்ததற்குக் குடி காரணமாக இருக்க வேண்டியதில்லை. பதினாலாம் பக்கத்தில் நான் எழுதியது தவறு.

6

இரண்டு நாள் கழித்துக் கிராமச் சாவடியில் விசாரணை. அதிகாரி நல்ல படிப்பாளி, அதுவே துரதிர்ஷ்டம். அவர் கையில் என் நூல் இருந்தது. என்னையும் நிபுணன் என்று வரவழைத்து, எல்லாரும் நிற்க எனக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்.

“வெளக்கு அணைஞ்சுதுங்க,” என்றான் ராஜாராம். “எறங்காதடான்னு சொன்னேன். கேக்கல. சாராயம் உள்ள போயிருந்துது. மூஞ்சி செவந்து கெடந்துதே, எல்லாரும் பாத்தாங்க.”

“ஏன் நைனா பொய் சொல்றே?” என்றாள் சின்னப்பொண்ணு. “நீயும்தான எட்டிப் பாத்தே? எரிஞ்சுதா இல்லியா?”

சடையனும் எரிந்தது என்றான். செத்தவனின் மைத்துனன், அப்படித்தான் சொல்வான் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அதிகாரி பதினாலாம் பக்கத்தைப் பிரித்தார். உரக்கப் படித்தார். என் வாக்கியம் அவர் குரலில் இன்னும் கம்பீரமாக இருந்தது. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல அவளிடம் சொன்னார்: “விளக்கு எரிகிற இடத்தில் மனிதன் வாழ்வான். இவன் செத்திருக்கிறான். அப்படியானால் விளக்கு எரிந்திருக்க முடியாது. புரிகிறதா?”

“எரிஞ்சுதே,” என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். “நூலாசிரியரே இருக்கிறார். இது உங்கள் வரிதானே, சார்?”

ராமானுஜம் சொன்னதெல்லாம் தொண்டையில் இருந்தது. அடுத்த வாரம் மாமல்லபுரம் கடற்கரையில் அந்த நூலுக்குப் பாராட்டு விழா. பொன்னாடை. பொன்னாடை போர்த்திக்கொள்கிறவர்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்தால் தனிப் புத்தகம் வரும். என்றாலும்

“ஆமாம்,” என்றேன்.

நான் எழுதியதிலும் பேசியதிலும் இவ்வளவு சின்னதாக, இவ்வளவு பலனளித்த படைப்பு வேறு இல்லை. கணக்கப்பிள்ளை அதையும் எழுதிக்கொண்டார்.

7

வாசலில் அவள் இருமுகிறாள். மணி மூன்று. கதைக்கு முடிவு வேண்டும்.

(அ) சாவடியில் நான் நாற்காலியை விட்டு எழுந்து உண்மையைச் சொல்கிறேன். அதிகாரி நூலை மூடிவைக்கிறார். ராஜாராம் தலை குனிகிறான். பத்திரிகை ஆசிரியருக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடிக்கிறது. நடக்கவில்லை.

(ஆ) முனிசாமி விளக்கை எடுத்த பிறகு ஒரு பீடி பற்றவைக்கிறான். பேச்சு வளர்கிறது, இன்னொரு பீடி. அதற்குள் கடற்காற்று கிளம்பிக் கிணற்றுக் காற்று மாறிவிடுகிறது. இறங்குகிறான், வால்வைக் கழற்றுகிறான், ஏறி வருகிறான். ஒரு ஆளைக் காப்பாற்ற இரண்டு பீடி போதும். என் பேனாவில் அவ்வளவு மை தாராளமாக இருக்கிறது.

(இ) கடற்கரை. பொன்னாடையைப் போர்த்தத் தலைவர் நெருங்கும்போது மேல்காற்று அடித்து அதைக் கடலுக்குள் [இது நகைச்சுவை. செத்தவன் வீட்டுக் கதையில் எனக்கு இது ஒன்றுதான் சுலபமாக வருகிறது என்பதை வாசகர் கவனிக்கவும்.]

8

அவள் எழுந்து உள்ளே வந்துவிட்டாள்.

“எழுதிட்டியா சார்?”

“எழுதிக்கொண்டே இருக்கிறேன்.”

“நாலு வரிக்கு இம்மாந் நேரமா? இன்னாத்த எழுதறே?”

“கதை மாதிரி வந்துவிட்டது.”

“கதைய வெச்சிகினு நான் இன்னா பண்றது?” மேஜையில் கிடந்த தாள்களைப் பார்த்தாள். “சரி, படி. கேப்பம்.”

படித்தேன். நின்றுகொண்டே கேட்டாள். டயர் இறங்கிய இடத்தில் சிரிக்கவில்லை. ‘நீ வேணா எறங்கி எழுதிகினு வா’ என்ற இடத்தில், “ஆமா, அவரு பேச்சு இப்பிடித்தான்,” என்றாள். நான் “ஆமாம்” என்று சொன்ன இடத்தில் என்னைப் பார்த்தாள். பீடி வந்தபோது மட்டும் கையை நீட்டி நிறுத்தினாள்.

“அவரு பீடி புடிக்கமாட்டாரு.”

“அந்த வரியை அடித்துவிடுகிறேன்.”

“அத்த விடு. வாத்தியாரு வூட்ல பேசினது ஒண்ணு படிச்சியே, அத்த இன்னொரு தபா படி.”

ஐந்தாம் பகுதியை மறுபடி படித்தேன். ‘நான் எழுதியது தவறு’ என்று முடித்ததும் கையை நீட்டினாள்.

“அந்தத் தாள குடு.”

“அது கதைக்கு நடுவில் வருகிறதம்மா.”

“நடுவுல இல்லன்னா உன் கதைக்கு இன்னா பூடும்? குடு. கீழ கையெழுத்துப் போட்டுக் குடு. நாலே கால் பஸ்ஸு.”

நீங்கள் மேலே படித்த ஐந்தாம் பகுதி, அவள் போன பிறகு நினைவிலிருந்து திரும்ப எழுதியது. மூலத் தாள் என்னிடம் இல்லை.

அதில் நான் கையெழுத்துப் போட்டேனா என்று இங்கே சொல்லப்போவதில்லை. போட்டேன் என்றால் நம்பிவிடுவீர்கள். போடவில்லை என்றாலும் நம்புவீர்கள், எவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்கிறான் என்று மெச்சவும் செய்வீர்கள். அச்சில் என் வரியைப் பார்த்துவிட்டால் கண்ணால் கண்டவளைக்கூட ஜனங்கள் நம்புவதில்லை. அதை ஒரு தரம் பார்த்தாகிவிட்டது.

கோப்பு அலுவலகத்தில் இருக்கிறது. முனிசாமி, கிணற்று மரணம், எழுபத்தைந்து என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கடைசித் தாளின் அடியில் பாருங்கள்.